ஏழும் மெய்யெழுத்தாக வந்துவிட்டால்: ஸ்கிராபிள் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுத்து டைல்களைப் போர்டில் அடுக்கி, ஆங்கிலச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதற்கான கிளப்புக்கு நான் போகத் தொடங்கிய புதிது. ஒரு நாள் முதலில் ஆடும் வாய்ப்பு எனக்கு வந்தது. பையிலிருந்து ஏழு டைல் எடுத்து ரேக்கில் அடுக்கினேன். சி, ஆர், டபிள்யூ, டி, ஹெச், இன்னொரு ஹெச், எம். ஏழும் மெய். உயிர் ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஏழையும் பையில் போட்டு வேறு ஏழு எடுத்துக்கொண்டேன். அந்த முறைக்கு எனக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்ததும் எதிரே இருந்த பெரியவர் கேட்டார்: “முதல்ல கையில என்ன வச்சிருந்தீங்க தம்பி?” சொன்னேன். தலையை ஆட்டி உச்சுக்கொட்டினார். பிறகு அந்த ஏழு எழுத்தில் ஐந்தை எடுத்துப் போர்டில் வைத்துக் காட்டினார். சி-ஆர்-டபிள்யூ-டி-ஹெச். 34 புள்ளி. நான் 22 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தேன்.

அவர் உச்சுக்கொட்டியதும் ஸ்கிராபிளில் செல்லுபடியாகும் ஒரு சொல்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, உயிரெழுத்தே இல்லாத சொற்களுக்கு இணையத்தில் கிடைத்த பட்டியல்களை மனப்பாடம் செய்தேன். அவற்றில் பாதி செல்லாது என்பதை ஆட்டத்தில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்த அடியை வாங்க வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு ஏற்பாடு. சொற்களை எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். படித்ததைவிட எழுதியது மனதில் நிற்கும். ‘டி’ என்றால் டைகரில் வரும் டி. டாக்டரில் வரும் டி இந்தக் கட்டுரையில் தேவைப்படவே இல்லை. ‘பி’ என்றால் பேப்பரில் வரும் பி. பஸ்ஸில் வரும் பி தேவைப்பட்டால் ‘பஸ் பி’ என்றே எழுதிவிடுகிறேன்.

1. எந்தச் சொற்பட்டியல் என்று முதலில் கேளுங்கள்

ஸ்கிராபிளுக்கு ஆதாரம் என்றால் சொற்பட்டியல்தான். வீட்டு அகராதி பெரிதாக இருக்கலாம், ஆனால் போட்டியில் அது செல்லாது. நடைமுறையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான போட்டிகள், அங்குள்ள ஆட்டக்காரர் அமைப்பான நாஸ்பாவின் சொற்பட்டியலில் நடக்கும். உலகின் மற்ற பெரும்பாலான இடங்களில் காலின்ஸ் அகராதிக்காரர்களின் பட்டியல். இரண்டில் காலின்ஸ்தான் பெரியது.

உயிரில்லாச் சொற்களில் இந்த வித்தியாசம் உடனே தலைகாட்டும். சி-ஹெச், எஸ்-டி என்ற இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸில் உண்டு, நாஸ்பாவில் இல்லை. சி-டபிள்யூ-டி-சி-ஹெச் என்ற சொல்லும் காலின்ஸ்காரர்களுக்குத்தான்.

போனில் ஆடுகிறீர்கள் என்றால் செட்டிங்ஸில் எந்த அகராதி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். நேரில் ஆடுகிறீர்கள் என்றால் முதல் டைல் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் கேட்டால், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எதிராளிக்கு நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பதிப்பையும் கேளுங்கள். இரண்டு பட்டியல்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒலிக்குறிப்புச் சொற்களும் அப்படிப் புதிதாக வந்து சேர்வது உண்டு.

கீழே நான் தரும் சொற்கள், வேறு மாதிரி சொல்லாதவரை, இரண்டு பட்டியலிலும் செல்லும்.

2. பையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

ஆங்கில ஸ்கிராபிளில் மொத்தம் 100 டைல். ஏ 9, ஈ 12, ஐ 9, ஓ 8, யூ 4. ஆக உயிர் 42. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைலான பிளாங்க் 2. மீதி 56 மெய், அதில் 2 ஒய். தொடக்கத்தில் எடுக்கும் ஏழிலும் உயிரே வராமல் போவது நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய இரண்டு முறைதான். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அப்படி மாட்டிக்கொள்வது அதைவிட அதிகம். காரணம் நாமேதான். உயிரையெல்லாம் செலவழித்துவிட்டு மெய்களைப் பிடித்து வைத்திருப்போம்.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உயிரில்லாச் சொற்கள் ஒரே எழுத்தை இரண்டு மூன்று தடவை கேட்கும். பையில் அத்தனை இருக்காது. ஹெச், எம், பி, சி, டபிள்யூ, ஒய் எல்லாம் இரண்டிரண்டுதான். கே ஒன்றே ஒன்று. இஸட் ஒன்றே ஒன்று.

பட்டியலில் இருக்கும் ‘டி-எஸ்-கே-டி-எஸ்-கே’ என்ற ஆறெழுத்துச் சொல்லைப் பார்த்துவிட்டு அதற்காகவே டி, எஸ், கே சேர்த்துக்கொண்டு பல முறை காத்திருந்தேன். இரண்டாவது கே வரவே இல்லை. வராது. பையிலேயே இல்லை! பிளாங்கைத்தான் கே-வாக வைக்க வேண்டும். பிளாங்குக்குப் புள்ளி கிடையாது. ஆகவே 14 புள்ளி என்று தோன்றும் சொல் உண்மையில் 9 புள்ளி.

இதைவிட மோசம் இஸட்-இஸட்-இஸட். குறட்டைச் சத்தம். செல்லும் சொல்தான். ஆனால் ஒரு இஸட்டோடு இரண்டு பிளாங்கையும் கொட்டினால்தான் வரும், கிடைப்பது 10 புள்ளி. ஆட்டத்திலேயே மதிப்பு மிகுந்த இரண்டு டைல் பிளாங்க்தான். அவற்றை இப்படிச் செலவழிப்பவர் வேடிக்கைக்காக ஆடுகிறார் என்று அர்த்தம்.

பி-ஹெச்-பி-ஹெச்-டி என்று ஒன்று உண்டு. எரிச்சலில் வாயால் காற்றை விடுகிற ஓசை. 15 புள்ளி. பையில் இருக்கும் இரண்டு பி-யும் இரண்டு ஹெச்சும் உங்களிடமே இருக்க வேண்டும், அல்லது போர்டில் இருப்பதைக் கோத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் படிக்க நன்றாக இருக்கும். இத்தனை ஆட்டத்தில் நான் ஒரு தடவைகூட வைத்ததில்லை.

3. வாய்ச்சத்தங்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

மெய் மட்டும் தனியாகச் சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். ஆனால் பேசும்போது? ‘ம்’ என்கிறோம், ‘ம்ம்’ என்கிறோம், ‘ப்ச்’ என்கிறோம், காரம் பட்டால் ‘ஸ்ஸ்’ என்கிறோம். கதை எழுதுபவர்கள் இதையெல்லாம் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வகைச் சத்தங்களை அகராதியிலேயே ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்தக் கோணத்தில் பார்த்த பிறகு எனக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது. சொல்லாக மனப்பாடம் செய்யாமல் சத்தமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யோசிக்கும்போது வரும் ‘ம்ம்’: ஹெச்-எம். 7 புள்ளி. நீட்டினால் ஹெச்-எம்-எம், 10 புள்ளி. சுவையாக இருக்கிறது என்று சொல்லும் ‘ம்ம்’ வேறு: எம்-எம், 6 புள்ளி. நமக்கு இரண்டும் ஒரே ‘ம்ம்’தான், அவர்களுக்கு இரண்டு சொல்.

‘உஷ், பேசாதே’: எஸ்-ஹெச், 5 புள்ளி. இன்னும் கண்டிப்பாக: எஸ்-ஹெச்-ஹெச், 9 புள்ளி.

யாரையாவது கிசுகிசுவென்று கூப்பிட: பி-எஸ்-டி, 5 புள்ளி. பி-எஸ்-எஸ்-டி, 6 புள்ளி. எஸ் மூன்று போட்டால் செல்லாது. எஸ்ஸை நீட்டிக்கொண்டே போகலாம் என்று நினைத்து ஒரு முறை மாட்டியிருக்கிறேன்.

குளிரில் நடுங்கும் ஓசை: பஸ் பி-ஆர்-ஆர். இதற்கு இன்னொரு ஆர் சேர்த்து நான்கெழுத்தாகவும் வைக்கலாம். ஆர் பையில் ஆறு இருக்கிறது, ஆகவே இது அடிக்கடி நடக்கக் கூடியதுதான். புள்ளி மட்டும் குறைவு: 5, அல்லது 6.

லேசான எரிச்சல்: பி-ஹெச்-டி. 8 புள்ளி. முனைவர் பட்டம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் பட்டத்தில் வருவது டாக்டர் டி, இங்கே வருவது டைகர் டி. அதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். (சரி, அந்த டி தேவைப்படாது என்று சொன்னேன். இந்த எச்சரிக்கைக்குத் தேவைப்பட்டுவிட்டது, கீழே இன்னொரு முறையும் தேவைப்படும்.)

கடைசியாக, அந்தப் பெரியவர் கொட்டிய உச்சு: டி-எஸ்-கே. 7 புள்ளி. வாய்ச்சத்தங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், இது வெறும் சத்தமாக நிற்காமல் வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. உச்சுக்கொட்டுகிறார் என்பதற்கு எஸ் சேர்க்கலாம். உயிர் கையில் வந்த பிறகு ஈ-யும் டாக்டர் டி-யும் சேர்க்கலாம், ஐ-என்-ஜி சேர்க்கலாம். இந்தக் கூட்டத்தில் கூடுதல் வேலை செய்யும் சொல் இது.

சத்தம் அல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என்-டி-ஹெச். கணக்கில் ‘என்-ஆவது’ என்போமே, அதுதான். 6 புள்ளி. என்-னும் டி-யும் ஆறு ஆறு இருப்பதால், உயிர் இல்லாத கையில் இந்த மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். புதியவர்கள் அதிகம் தவறவிடும் சொல்லும் இதுதான். எழுதிப் பார்த்தால் ஏதோ பாதியில் நின்றது போலவே இருக்கும்.

4. வெல்ஷ் மொழி கொடுத்த இரண்டு

வேல்ஸ் நாட்டு மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும். ‘ஊ’ போல ஒலிக்கும். அந்த மொழியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்கள் எழுத்து மாறாமல் அப்படியே வந்துவிட்டன. நமக்கு லாபம்.

சி-டபிள்யூ-எம். உச்சரிப்பு ‘கூம்’. பள்ளத்தாக்கு. மலையேறுபவர்கள் பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தையும் இப்படிச் சொல்வார்கள். எவரெஸ்டுக்குப் போகும் வழியில் இருக்கும் ‘வெஸ்டர்ன் கூம்’ இதே எழுத்துக்கூட்டல்தான். 1921-இல் ஜார்ஜ் மல்லோரி வைத்த பெயர். மூன்றெழுத்துக்கு 10 புள்ளி.

சி-ஆர்-டபிள்யூ-டி-ஹெச். உச்சரிப்பு ‘க்ரூத்’. வில்லால் வாசிக்கும் பழைய தந்திக் கருவி, பெரும்பாலும் ஆறு தந்தி. 13 புள்ளி. முதல் ஆட்டமாக வைத்தால் நடுக்கட்டத்தில் இரட்டைச் சொல் மதிப்பு கிடைக்கும். நடுக்கட்டத்தில் சி-யை வைத்து வலப்பக்கம் ஓடவிட்டால் கடைசி ஹெச் இரட்டை எழுத்துக் கட்டத்தில் விழும். 17, இருமடங்கு 34. பெரியவர் எனக்குக் காட்டியது இதுதான். இடப்பக்கம் ஓடவிட்டு ஹெச்சை நடுவில் வைத்தால் சி இரட்டை எழுத்தில் விழும், 32. வலப்பக்கமே வையுங்கள்.

இந்தச் சொல்லின் இன்னொரு நன்மை, இதன் வாலில் ஒட்டக்கூடியது எஸ் மட்டும்தான். எதிராளியிடம் எஸ் இல்லையென்றால் ஒட்டி வைத்து நீட்ட முடியாது, குறுக்கே கோத்துத்தான் ஆட வேண்டும்.

காலின்ஸில் ஆடுபவர்கள் சி-டபிள்யூ-டி-சி-ஹெச்சையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘குட்ச்’. அணைத்துக்கொள்வது. இரண்டு சி-யும் வேண்டும் என்பதால் அரிது.

5. ஒய் ஒன்று இருந்தால் கதையே வேறு

உங்கள் கையில் ஒய் இருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்ளவே இல்லை. இங்கே நீங்கள் ஏற்கனவே அறிந்த சொற்கள்தான் அதிகம்: ட்ரை, ஸ்கை, ஒய் என்ற கேள்வி, ஜிம், மித். இவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ரேக்கில் சிதறிக் கிடக்கும்போது கண்ணில் படாது. ஒய்யை ரேக்கின் நடுவில் வைத்து, மற்ற மெய்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்கு இது வேலை செய்தது.

விலை கூடியவை சில. எல்-ஒய்-என்-எக்ஸ், காட்டுப் பூனை இனம், 14. பி-ஒய்-எக்ஸ், தேவாலயத்தில் அப்பம் வைக்கும் சிறு பேழை, 15. எக்ஸ்-ஒய்-எஸ்-டி, பழைய கிரேக்கத்தில் உடற்பயிற்சிக்கென்று கட்டிய கூரை போட்ட நீண்ட முற்றம், 14. எக்ஸ் கையில் இருக்கும்போது உயிர் இல்லாமல் தவித்தால் இந்த மூன்றும் காப்பாற்றும். எம்-ஒய்-ஆர்-ஆர்-ஹெச், நறுமணப் பிசின், 13. ஜி-எல்-ஒய்-பி-ஹெச், 14. என்-ஒய்-எம்-பி-ஹெச்-எஸ், 16. டபிள்யூ-ஒய்-என்-என், 10. பழைய ஆங்கிலத்தில் டபிள்யூ ஒலிக்கு இருந்த எழுத்தின் பெயர் இது. எழுத்து போய்விட்டது, பெயர் மட்டும் ஸ்கிராபிளில் பிழைத்திருக்கிறது.

ஏழும் வைத்து 50 போனஸ் வாங்கும் வழியும் இருக்கிறது. ரிதம் என்ற சொல்லோடு ஒரு எஸ்: ஆர்-ஹெச்-ஒய்-டி-ஹெச்-எம்-எஸ். 18, போனஸோடு 68. இரண்டு ஹெச்சும் வேண்டும். இன்னொன்று ஜி-எல்-ஒய்-சி-ஒய்-எல்-எஸ், வேதியியல் சொல், 16, போனஸோடு 66. ஏழையும் ஒரே முறையில் வைக்கும் இந்த பிங்கோவுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. வந்தால் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்-ஒய்-இஸட்-ஒய்-ஜி-ஒய் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் வருவது. அமாவாசையும் பௌர்ணமியும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அழகான சொல். ஆனால் ஒய் மூன்று கேட்கிறது, பையில் இரண்டு. பிளாங்க் போட்டால் 21 புள்ளி. அந்த பிளாங்கை வைத்து இதைவிட நன்றாகச் செய்யலாம்.

6. எஸ் ஒட்டுவதில் இருக்கும் பொறி

நான் மிக அதிகமாகப் புள்ளி இழந்தது இங்கேதான். ஆங்கிலச் சொல் என்றால் எஸ் சேர்க்கலாம் என்று கை தானாகப் போகும். சத்தங்களுக்குப் பன்மை இல்லை. ஹெச்-எம், எம்-எம், எஸ்-ஹெச், பி-எஸ்-டி, பி-எஸ்-எஸ்-டி, பி-ஹெச்-டி, பஸ் பி-ஆர்-ஆர், இவை எதற்கும் எஸ் ஒட்டாது. என்-டி-ஹெச்சுக்கும் ஒட்டாது. மூன்று ஒய் உள்ள அந்தச் சொல்லுக்கும் நேராக எஸ் ஒட்டாது. அதன் பன்மையில் கடைசி ஒய் ஐ-யாக மாறி ஈ-எஸ் சேரும்.

எஸ் ஒட்டுபவை: சி-டபிள்யூ-எம், சி-ஆர்-டபிள்யூ-டி-ஹெச், டி-எஸ்-கே, டி-எஸ்-கே-டி-எஸ்-கே. பொருளும் செயலும் பன்மையாகும், சத்தம் ஆகாது என்று வைத்துக்கொண்டால் போதும்.

எஸ் ஒட்டாவிட்டாலும் வேறு எழுத்து ஒட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்-எம்-முக்கு முன்னால் ஓ வைத்தால் மின்தடையின் அலகான ஓம். எம்-எம்-முக்கு முன்னால் ஹெச். எஸ்-ஹெச்சுக்கு முன்னால் ஏ வைத்தால் சாம்பல், பின்னால் ஈ வைத்தால் ‘அவள்’, ஒய் வைத்தால் ‘கூச்சம்’. நீங்கள் ஒட்ட முடிந்ததை எதிராளியும் ஒட்டலாம். பக்கத்தில் மும்மடங்குக் கட்டம் இருந்தால் இந்தச் சின்னச் சொற்களை அங்கே வைக்காதீர்கள்.

7. செல்லாத சொற்களைத் தூக்கிப் போடுங்கள்

சுருக்கெழுத்துகள் செல்லாது. டிவி செல்லாது, மிஸ்டருக்கான எம்-ஆர் செல்லாது, கிலோமீட்டரின் கே-எம் செல்லாது. கண்ணுக்குப் பழகிவிட்டதால் இவை சொல் போலவே தோன்றும்.

இணையப் பட்டியல்களில் ‘உயிரில்லாத மிக நீண்ட சொல்’ என்று இரட்டையர்களைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லைத் தவறாமல் போடுவார்கள். பன்னிரண்டு எழுத்து, மூன்று ஒய். டபிள்யூ-வும் எல்-லும் ஜி-யும் கலந்து பயமுறுத்தும். வழக்கொழிந்த எழுத்துக்கூட்டல் அது. ஸ்கிராபிள் பட்டியலில் கிடையாது. அதைப் பட்டியலின் தலையில் வைத்திருக்கும் எந்தப் பக்கத்தையும் நம்பாதீர்கள். ஆட்டத்துக்காகத் தொகுத்தவர் அதைச் சேர்த்திருக்க மாட்டார். காலின்ஸ் அகராதியின் இணையதளத்தில் சொல் செல்லுமா என்று சரிபார்க்கும் வசதி உண்டு. சொற்களைப் பயில்வதற்கென்றே ஸிஸிவா என்ற செயலியும் இருக்கிறது. எங்கே படித்தாலும் ஒரு தடவை இவற்றில் சோதித்துவிட்டு மனப்பாடம் செய்யுங்கள்.

8. வைப்பதா, மாற்றுவதா: செலவுக் கணக்கு

இதற்குத்தான் மேலே சொன்னதெல்லாம்.

டைல் மாற்றினால் அந்த முறை போய்விடும். பூஜ்யம். வழக்கமாக நீங்கள் ஒரு முறைக்கு இருபது எடுப்பவர் என்றால் மாற்றுவதன் விலை இருபது. அப்படியானால் எது கிடைத்தாலும் வைத்துவிடலாமா? அதுவும் தவறு. இரண்டெழுத்து வைத்து 7 புள்ளி எடுத்தால் பையிலிருந்து இரண்டுதான் எடுப்பீர்கள். அதில் இரண்டுமே உயிராக வருவது சந்தேகம். கையில் ஐந்து மெய் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த முறையும் அதே தவிப்பு. ஐந்தெழுத்து வைத்தால் ஐந்து எடுப்பீர்கள், இரண்டு உயிர் வர நல்ல வாய்ப்பு.

நான் பின்பற்றுவது இதுதான். மூன்று டைலாவது கழிகிறது, பத்துப் புள்ளியாவது வருகிறது என்றால் வைப்பேன். இரண்டு டைல்தான் கழிகிறது என்றால், போர்டில் இணையாக வைத்து இரண்டு மூன்று சொல் ஒரே நேரத்தில் உருவாகி இருபதைத் தொட்டால் மட்டும் வைப்பேன். இல்லையென்றால் மாற்றிவிடுவேன். மாற்றும்போது ஏழையும் கொட்ட வேண்டாம். எஸ் இருந்தால், பிளாங்க் இருந்தால், நல்ல ஒரு டி அல்லது ஆர் இருந்தால் வைத்துக்கொண்டு மீதியை மாற்றுங்கள். வி இருந்தால் அது முதலில் போகட்டும். வி வரும் இரண்டெழுத்துச் சொல் இரண்டு பட்டியலிலும் ஒன்றுகூட இல்லை.

ஹெச்-எம், எஸ்-ஹெச் இரண்டும் உண்மையில் புள்ளி தருவது இணையாட்டத்தில்தான். தனியாக வைத்தால் 7, 5. நீளமான ஒரு சொல்லை இன்னொரு சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கும்போது குறுக்கே உருவாகும் இரண்டெழுத்துகள் எல்லாம் செல்ல வேண்டும். அங்கே ஒரு ஹெச்சுக்குக் கீழே எம் விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பதே பெரிய சுதந்திரம்.

9. கடிகாரமும் சேலஞ்சும்

போட்டியில் ஒருவருக்கு மொத்தம் 25 நிமிடம். தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி கழியும். என் முதல் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் முறைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. உயிரில்லாத கை வந்தால் ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். டபிள்யூவும் சி-யும் இருக்கிறதா? ஹெச் இருக்கிறதா? எஸ்-கே இருக்கிறதா? ஒய் இருக்கிறதா? இந்த நான்கு கேள்விக்கும் இல்லை என்றால் மாற்றுங்கள்.

இந்தச் சொற்களை வைத்தால் புதிய எதிராளி கண்டிப்பாக சேலஞ்ச் செய்வார், அதாவது இது செல்லும் சொல்தானா என்று பட்டியலில் பார்க்கச் சொல்வார். செய்யட்டும். தவறாக சேலஞ்ச் செய்தால் சில போட்டிகளில் அவர் முறை போகும், சிலவற்றில் 5 அல்லது 10 புள்ளி உங்களுக்கு வரும். எந்த விதி என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி வைக்கும்போதும் இதுவே பொருந்தும். உயிர் இல்லை என்பதற்காக மட்டும் சேலஞ்ச் செய்யாதீர்கள். பி-எஸ்-டி வைத்தவரை சேலஞ்ச் செய்து ஒரு முறையை இழந்தவன் நான். அடுத்த வாரம் அதே சொல்லுக்கு நானே எஸ் ஒட்டி இன்னொரு முறையை இழந்தேன்.

சேலஞ்ச் வராவிட்டால் செல்லாத சொல்லும் போர்டில் நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியல் தெரியாதவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

10. எத்தனை நாளில் கற்கலாம்

மூன்று நாள் போதும். முதல் நாள் வாய்ச்சத்தங்கள், சத்தமாகச் சொல்லியே. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் வெல்ஷ் இரண்டும் ஒய் சொற்களில் பத்தும். மூன்றாம் நாள் எஸ் ஒட்டும், ஒட்டாது என்ற இரண்டு வரிசை. பிறகு டைல் பையிலிருந்து உயிர்களை எல்லாம் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியில் ஏழு ஏழாக எடுத்து என்ன வைக்கலாம் என்று பாருங்கள். இருபது தடவை செய்தால் கண் பழகிவிடும்.

11. பை காலியாகும் முன்

கடைசிப் பொறி ஒன்று. பையில் ஏழு டைலுக்குக் குறைவாக இருந்தால் மாற்ற முடியாது. அந்த நேரத்தில் கையில் மெய்யாகச் சேர்ந்துவிட்டால் வேறு வழியே இல்லை. எதிராளி தன் டைலை முடித்துவிட்டால் உங்கள் கையில் மிச்சம் இருப்பது உங்கள் கணக்கில் கழியும், அவர் கணக்கில் கூடும். ஒரு வி தங்கினால் எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆகவே பையில் பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும்போதே ரேக்கைப் பாருங்கள். உயிர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைச் செலவழிக்காமல், ஹெச்-எம், எஸ்-ஹெச், என்-டி-ஹெச், டி-எஸ்-கே இவற்றில் எது வைக்க முடிகிறதோ அதை முதலில் வைத்துவிடுங்கள். வி இன்னும் கையில் இருந்தால், அது போக அந்த ஒற்றை உயிரோடு போர்டில் எங்கே இடம் இருக்கிறது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.